முன்விடுதலை ஆணையில் ஒரு நிபந்தனை தவறினால் என்ன ஆகும்?

போன ஐப்பசி மழையில், இரவு ஒன்பது மணிக்கு மேல், எங்கள் தெருவின் பின்வரிசையில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் வந்து வாசலில் நின்றார். ஆயுள் கைதியாகப் பதினெட்டு வருஷம் உள்ளே இருந்துவிட்டு முன்விடுதலையில் வந்தவர். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். உள்ளே விடுதலை ஆணையின் ஜெராக்ஸ், நாலாய் மடித்து மடித்து மடிப்பு கிழிந்த இடமெல்லாம் செலோடேப் ஒட்டியிருந்தது. மாதம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த மாதம் பேரனுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் ஆறு நாள், அந்த ஆறு நாளுக்குள் கையெழுத்து நாளும் போய்விட்டது. "தம்பி, திரும்ப உள்ள போட்டுருவாங்களாப்பா?" என்று கேட்டார். குடை இருந்தும் விரிக்காமல் வந்திருந்தார்.

நான் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருஷம் ஓட்டியவன். இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தைகளில் எத்தனையோ குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. தண்டனை குறைத்து வெளியே விடப்பட்டவர் நிபந்தனையை மீறினால் சட்டப்படி என்ன நடக்கும், யார் நடத்துவார்கள், அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெளிவாகச் சொல்பவர்கள் குறைவாக இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். "ஆயுள் தண்டனைன்னா 14 வருஷம்" என்று டீக்கடையில் தொடங்கி படித்தவர்கள் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அது தப்பு. ஆயுள் தண்டனை என்றால் மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும் என்று 1961-லேயே, கோபால் கோட்சே வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 14 வருஷம் எங்கிருந்து வந்தது என்றால், 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரையோ, தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டவரையோ, குறைந்தது 14 வருஷம் சிறையில் கழிக்காமல் அரசு விடுவிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்தச் சட்டத்தின் வழியில் விடுதலை பற்றி யோசிக்கவே அதுதான் வாசல்படி. 14 முடிந்தால் தானாகத் தண்டனை தீர்ந்துவிடும் என்று அதற்கு அர்த்தமே கிடையாது.

இது ஏன் முக்கியம் என்றால், தண்டனைக் குறைப்பு என்பது தீர்ப்பை அழிப்பது கிடையாது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியேதான் இருக்கும், ஆயுள் தண்டனை என்ற வரியும் அப்படியேதான் இருக்கும், மீதியை அனுபவிக்க வேண்டாம் என்று அரசு விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. அந்த விட்டுக்கொடுத்தலை நிபந்தனை போட்டும் செய்யலாம், போடாமலும் செய்யலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 432; 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 473. எண்தான் மாறியிருக்கிறது, சாரம் அதேதான்.

இந்தப் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைத்தான் முன்விடுதலையில் வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் யாராவது ஒருவர் படித்து வைத்திருக்க வேண்டும். நிபந்தனை நிறைவேற்றப்படவில்லை என்று அரசு கருதினால், தண்டனைக் குறைப்பை ரத்து செய்யலாம். ரத்து செய்துவிட்டால் அந்த நபர் வெளியே எங்கிருந்தாலும் எந்தப் போலீஸ் அதிகாரியும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். தண்டனையில் அனுபவிக்காத பகுதியைக் கழிக்க அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பலாம். இதைவிடத் திகைக்க வைப்பது நாலாவது உட்பிரிவு. நிபந்தனை அந்த நபர் நிறைவேற்ற வேண்டியதாகவும் இருக்கலாம், அவருடைய விருப்பத்துக்கு அப்பாற்பட்டதாகவும் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதாவது அவர் கையில் இல்லாத ஒன்றைக்கூட நிபந்தனையாக வைக்க எழுத்தளவில் இடம் இருக்கிறது.

இப்போது "அனுபவிக்காத பகுதி" என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். பத்து வருஷத் தண்டனை பெற்ற ஒருவரை எட்டாவது வருஷத்தில் நிபந்தனையோடு விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் மீறினால் திரும்பப் போய் இரண்டு வருஷம் இருப்பார், வருவார், கணக்கு முடிந்தது. இதையே ஆயுள் கைதிக்குப் போட்டுப் பாருங்கள். பதினெட்டு வருஷம் கழித்திருந்தாலும் இருபத்தைந்து கழித்திருந்தாலும் அவருக்கு மீதி எவ்வளவு? உயிர் இருக்கும் வரை. ஒரே மாதிரியான மீறலுக்கு ஒருவருக்கு இரண்டு வருஷம், இன்னொருவருக்கு வாழ்நாள். இரண்டாம் முறை தண்டனைக் குறைப்புக் கேட்டு மனுப் போடலாம்தான், ஆனால் ஒருமுறை ரத்தான பெயரோடு போகிற மனுவை எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் முன்விடுதலை பெறுவோர் பெரும்பாலும் ஆயுள் கைதிகள் என்பதால் இந்தக் கணக்கு இங்கே ரொம்பவே பொருந்தும். 2008-ல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 1,405 ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு ஓர் அரசாணை வந்தது, 2021-ல் அண்ணாவின் 113-வது பிறந்த நாளை ஒட்டி சுமார் 700 பேரின் விடுதலை அறிவிக்கப்பட்டது. இப்படிப்பட்ட மொத்த விடுதலைகள் அரசமைப்புச் சட்டத்தின் 161-வது பிரிவில் ஆளுநருக்குள்ள அதிகாரத்தின் பெயரில் வருவதுண்டு. எந்த வழியில் வந்தாலும், ஆணையில் நிபந்தனை எழுதியிருந்தால் அது விடுதலையோடு ஒட்டிக்கொண்டேதான் வரும்.

அரசு ரத்து செய்வது ஒரு பாதை என்றால், நீதிமன்றப் பாதை ஒன்றும் இருக்கிறது. நிபந்தனையோடு வந்த தண்டனைக் குறைப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர், தெரிந்தே அந்த நிபந்தனையை மீறுவது தனிக் குற்றம். 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 227 ஆக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 266. இதற்குத் தண்டனையாகப் புதிதாக எதையும் வைக்கவில்லை, முதலில் விதித்த தண்டனையில் மிச்சமிருப்பதே தண்டனை. இந்தப் பிரிவில் இரண்டு சொற்கள் முக்கியம்: "ஏற்றுக்கொண்ட", "தெரிந்தே". நிபந்தனையைப் படித்துக்காட்டாமல், அவருக்குப் புரியாத மொழியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் "தெரிந்தே மீறினார்" என்று நிரூபிப்பது அரசுத் தரப்புக்குக் கஷ்டம். நான் பார்த்த வரையில் பேச்சு எப்போதும் முதல் பாதையைப் பற்றித்தான், ஏனென்றால் அங்கே சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எதுவும் கிடையாது, அரசின் கருத்து ஒன்று போதும்.

அந்தக் கருத்துக்கு எல்லை எது என்ற கேள்விக்கு ரொம்ப நாள் சரியான பதில் இல்லாமல் இருந்தது. 2024 அக்டோபர் 21 அன்று குஜராத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு அதற்குப் பதில் சொன்னது. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். 2023 செப்டம்பரில் அவருக்குத் தண்டனைக் குறைப்புக் கொடுத்த குஜராத் அரசு, விடுதலைக்குப் பின் இரண்டு வருஷம் "கண்ணியமாக" நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் எதையாவது செய்தால் திரும்பக் கைதாகி மீதித் தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் போட்டது. அவர் வழக்குப் போட்டது இந்த இரண்டின் மேல்தான்.

கண்ணியம் என்றால் என்ன? மாமியாரிடம் குரல் உயர்த்தினால் கண்ணியக் குறைவா, தேர்தல் நேரத்தில் ஒரு கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்தால் கண்ணியக் குறைவா? எந்தச் சட்டத்திலும் அதற்கு விளக்கம் இல்லை, ஆளாளுக்கு ஓர் அளவுகோல் இருக்கும், அதை வைத்து நிர்வாகம் நினைத்தபோது ரத்து செய்யலாம் என்றால் அது தன்னிச்சையானது, சமத்துவ உரிமையைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவுக்கே விரோதமானது என்று சொல்லி அந்த நிபந்தனையை நீதிமன்றம் எடுத்துவிட்டது. இரண்டாவது நிபந்தனையை எடுக்கவில்லை, ஆனால் அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. வழக்குப் பதிவானது என்பதற்காக மட்டும் தண்டனைக் குறைப்பைப் பறிக்க முடியாது. மீறல் நடந்தது என்று காட்ட ஆதாரம் வேண்டும், அற்பமான மீறல் போதாது. ரத்து செய்யும் முன் எதை மீறினார் என்று எழுதி விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், அப்புறம் சுருக்கமாகவாவது காரணம் எழுதி ஆணை போட வேண்டும். அந்த ஆணையை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இந்தத் தீர்ப்பின் அருமை தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். இங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, கோயில் திருவிழாவில் தள்ளுமுள்ளு எது நடந்தாலும் எஃப்ஐஆரில் விழும் பிரிவுகள் நமக்கு மனப்பாடம்: 294(பி), 323, 506(1). புதுச் சட்டத்தில் 296(பி), 115(2), 351(2) என்று வருகிறது. இதில் முதலாவது, ஆபாசமாகத் திட்டியது; மூன்றாவது, மிரட்டியது. 323 என்கிற சாதாரணக் காயத்துக்குப் போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாது, ஆனால் 294(பி)-க்கு முடியும், அதனால் மூன்றையும் சேர்த்துப் போடும்போது மொத்த வழக்குமே பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய வழக்காகிவிடுகிறது. வண்டியை வேகமாக ஓட்டினார் என்று போடும் 279-ம், இப்போது 281, அதே ரகம். நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து படித்தால், பதினெட்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த ஒரு மனிதரை, பங்காளி ஒருவர் ஒரு புகார் மனு எழுதி வாழ்நாள் சிறைக்குத் திருப்பி அனுப்பிவிட முடியும். அந்தக் கதவைத்தான் 2024 தீர்ப்பு அடைத்தது. 2025 பிப்ரவரி 18-ல் வந்த இன்னொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதையே எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டது: நிபந்தனைகள் நியாயமானவையாக இருக்க வேண்டும், தெளிவாக இருக்க வேண்டும், நிறைவேற்றக்கூடியவையாக இருக்க வேண்டும், விடுதலையின் பலனையே அனுபவிக்க முடியாத அளவுக்குக் கடுமையாக இருக்கக் கூடாது.

இதையெல்லாம் படிக்கும்போது, வெளியே வந்தவர் பக்கமே பேசுகிறேனே, செத்துப்போனவர் வீட்டின் கதி என்ன என்று சிலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். மதுரை மாவட்டத்து மேலவளவை நினைத்துப் பாருங்கள். 1997-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் மூன்று பேர் 2008-லும், பதின்மூன்று பேர் 2019-லும் முன்விடுதலை ஆனார்கள். அந்த ஊரில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு நிபந்தனை என்பது ஆணையில் கிடக்கும் ஒரு வரி இல்லை, பால் வாங்கப் போகும்போதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போதும் கூடவே வர வேண்டிய பாதுகாப்பு அது. சாட்சி சொன்னவரை மிரட்டக் கூடாது, புகார்தாரர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பவைதான் உண்மையில் உயிர்காக்கும் நிபந்தனைகள். அவற்றை மீறினார் என்று ஆதாரத்தோடு தெரிந்தால் அரசு தயங்காமல் ரத்து செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம். "கண்ணியமாக இரு" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதால் அந்தக் குடும்பங்களுக்குக் காலணாப் பிரயோஜனம் இல்லை; இன்னாரை நெருங்காதே, இன்ன தாலுகாவுக்குள் இத்தனை வருஷம் வராதே என்று பளிச்சென்று எழுதினால் காவலருக்கும் கண்காணிக்க முடியும், மீறினால் நிரூபிக்கவும் முடியும், வெளியே வந்தவருக்கும் எங்கே கோடு கிழித்திருக்கிறது என்று தெரியும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த குற்றத்துக்கான பில்கிஸ் பானு வழக்கில் 11 பேருக்குக் குஜராத் அரசு கொடுத்த தண்டனைக் குறைப்பை 2024 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, இரண்டு வாரத்தில் சரணடையச் சொன்னது, ஜனவரி 21 இரவு கோத்ராவில் அவர்கள் சிறைக்குத் திரும்பினார்கள். அது நிபந்தனை மீறலால் வந்தது கிடையாது. விசாரணை நடந்து தண்டனை விதிக்கப்பட்டது மும்பையில், ஆகவே தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் மகாராஷ்டிர அரசுக்குத்தான், குஜராத்துக்கு இல்லை என்பதுதான் அடிப்படைக் காரணம். ஆணையே செல்லாது என்று ஆகிவிட்டால், வெளியே வந்தவர் எவ்வளவு ஒழுங்காக நடந்திருந்தாலும் திரும்பத்தான் வேண்டும். நிபந்தனை மீறலில் ஆணை செல்லும், நடத்தைதான் கேள்வி. நோட்டீஸ் வந்தால் முதலில் இது இரண்டில் எது என்று பார்க்க வேண்டும்.

பரோல் கணக்கு தனி. தமிழ்நாட்டில் அதை விடுப்பு என்பார்கள், 1982-ம் வருஷத்துத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கொடுப்பது. பெயரிலேயே இருக்கிறது, தண்டனை அந்த நாட்களுக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. குறித்த நாளில் திரும்பாவிட்டால் முன்பு சொன்ன அதே 432, இப்போது 473-வது பிரிவின்படி வாரண்ட் இல்லாமல் கைது, அப்புறம் சிறைக்குள் தண்டனை, சலுகைகள் போகும், அடுத்த விடுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்னொன்று, முன்விடுதலைக்கான 14 வருஷத்தைக் கணக்கிடும்போது பரோலில் இருந்த நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்று 2023 ஜனவரியில் கோவா கைதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் தருவது வேறு, அங்கே மீறினால் ஜாமீன்தான் ரத்தாகும், அரசு குறுக்கே வராது.

சிறைக்கே அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் விடும் வழியும் உண்டு. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம். முதல் தடவை தப்பு செய்தவர், சின்ன வயசு, குடும்பச் சூழல் இதையெல்லாம் பார்த்து, அதிகபட்சம் மூன்று வருஷத்துக்கு ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவார்கள், நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பார். மீறினால் என்ன என்பது பிரிவு 9-ல் இருக்கிறது. நீதிமன்றம் அவரையும் பிணை நின்றவரையும் கூப்பிட்டு விசாரிக்கும். மீறியது உண்மை என்றால் பழைய குற்றத்துக்கு உடனே தண்டனை விதிக்கலாம். முதல் தடவை மீறலாக இருந்தால் பிணையை அப்படியே விட்டுவிட்டு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போடலாம். ஐம்பது ரூபாய் என்பது 1958-ல் எழுதிய தொகை, இன்றும் அதேதான். தொகை சின்னது, ஆனால் அந்த ஏற்பாட்டின் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முதல் தடவை தவறினால் எச்சரித்து இன்னொரு வாய்ப்புக் கொடு என்று சட்டமே நீதிபதியிடம் சொல்கிறது. ஆயுள் கைதியின் முன்விடுதலைச் சட்டத்தில் இப்படி ஒரு நடுப்படி எழுதப்படவில்லை. ரத்து, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அங்கேயும் ஒரு எச்சரிக்கை, கையெழுத்து நாட்களைக் கூட்டுவது என்று இடைநிலை நடவடிக்கைகளை எழுதி வைத்தால் பாதிப் பயம் குறையும்.

(பழைய நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவைப் போட்டுத் தாசில்தாரிடமோ போலீஸ் துணை ஆணையரிடமோ எழுதி வாங்கிவந்த நன்னடத்தைப் பிணை இது கிடையாது. அது தண்டனைக்குப் பதிலாக வருவது இல்லை, முன்னெச்சரிக்கையாக வாங்குவது. அதை மீறினார் என்று போலீஸ் துணை ஆணையர்களே ஆட்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.)

சரி, நோட்டீஸ் வந்துவிட்டால் என்ன செய்வது? பதில் சொல்லாமல் இருப்பதுதான் செய்யவே கூடாத காரியம். பயத்தில் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள், அதுவே மீறலுக்குச் சாட்சியாகிவிடுகிறது. எந்த நிபந்தனையை, எந்த நாளில் மீறியதாகச் சொல்கிறார்கள் என்று நோட்டீஸில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அதையே பதிலில் எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பஸ் டிக்கெட், இறப்புச் சான்று என எது இருந்தாலும் நகல் இணைத்து, கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். எஃப்ஐஆர் ஒன்றைக் காரணம் காட்டினால் அந்த வழக்கின் நிலை என்ன, மருத்துவச் சான்றில் என்ன இருக்கிறது, எதிர்ப்புகார் உண்டா என்று எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். ரத்து ஆணை வந்துவிட்டால் அரசமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. விளக்கம் கேட்காமலே ரத்து செய்திருந்தால், அந்த ஒரு காரணமே மனுவுக்கு முதுகெலும்பு.

இன்னும் ஒன்று, இது விடுதலைக்கு முந்தின நாள் செய்ய வேண்டியது. சிறையிலிருந்து கூட்டிவரப் போகும் சொந்தக்காரர்கள் வேட்டி சட்டை, மாலை எல்லாம் மறக்காமல் எடுத்துப் போகிறார்கள், ஆணையின் நகலைக் கேட்டு வாங்க மறந்துவிடுகிறார்கள். அதை வாங்கி, வாசலிலேயே நின்று ஒவ்வொரு நிபந்தனையையும் அவருக்குப் படித்துக்காட்டுங்கள். எத்தனை மாதம் கையெழுத்து, எந்த ஸ்டேஷன், ஊர் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும், யார் பக்கம் போகக் கூடாது, எந்தத் தேதியோடு இதெல்லாம் முடிகிறது என்று ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். முடிகிற தேதி ஆணையில் இல்லை என்றால் அதையே கேட்டு மனுப் போடுங்கள்.

அன்றிரவு பெரியவரை உட்கார வைத்து, டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்து, அந்தத் தேதிகளைச் சொல்லி ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதினோம். காலையில் எட்டரைக்கு ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். ரைட்டர் தாளைப் படித்தார், பேரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார், ரெஜிஸ்டரில் அன்றைய தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவர் வெளியே வந்ததும் முத்திரை போட்ட தாளை அந்த பிளாஸ்டிக் கவருக்குள் ஆணையோடு சேர்த்து வைத்தார். நோட்டீஸ் எதுவும் வரவில்லை. இப்போதும் மாதம் பிறந்தால் இரண்டாம் தேதியே போய்விடுகிறார். இன்னும் ஏழு கையெழுத்து பாக்கி.